தீவில் கொடியேற்றிய மருமகன்

உப்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குத் தென்காசி, என் மனைவிக்கு இலஞ்சி. உப்பளமோ தூத்துக்குடிக்குத் தெற்கே, தேரி மணலைத் தாண்டிக் கடலோரத்தில். யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. படித்தவனுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் என்பதால் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்டவர் என் மாமனார்.

"மொதல்ல நீரு போயி எடம் எப்படின்னு பாரும். நல்ல தண்ணி உண்டா, காய்கறி கெடைக்குமா, கோயில் உண்டான்னு எழுதும். பெறவு பிள்ளைய அனுப்புதேன்" என்றார்.

போய்ச் சேர்ந்ததும் எழுதினேன். மணலில் தோண்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் உண்டு என்றும், காய்கறி சந்தைக்கு வரும் என்றும், கோவில்கள் நிறைய உண்டு என்றும். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அது முழுக்க வேதக்காரர்களின் கரை. கடற்கரையில் எங்கே நின்று பார்த்தாலும் தென்னைக்கு மேலே ஒரு கோபுரமும் அதன் உச்சியில் ஒரு சிலுவையும் தெரியும். மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் கட்டிய கோவில்களை அந்த ஊர்க்காரர்களும் கோவில் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

உப்பளத்துக்கு வடக்கே ஓர் ஊர், தெற்கே ஓர் ஊர். வடக்கூரில் வெள்ளையடித்த மாதா கோவில். தெற்கூரில் நீலம் கலந்து அடித்த அந்தோணியார் கோவில். இரண்டு கோவில்களிலும் மத்தியானம் மணியடிப்பார்கள். ஆனால் ஒரே நேரத்தில் அடித்ததை நான் கேட்டதில்லை. அவன் மணி தப்பு என்று இவனும், இவன் மணி தப்பு என்று அவனும் சொல்வார்கள். நான் முதல் மணிக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, இரண்டாவது மணிக்குக் கை கழுவி எழுந்துகொள்வேன். எனக்கு இரண்டும் சரியான மணிதான்.

வடக்கூரில் உபதேசியார் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் குடியிருந்தேன். சாமியார் இல்லாத நாட்களில் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவரை அங்கே உபதேசியார் என்பார்கள். ஒல்லியான மனிதர். பேச ஆரம்பித்தால் பிரசங்கம் மாதிரியே ஏற்ற இறக்கத்தோடு பேசுவார். நான் போன அன்றே அவருடைய மனைவி ஒரு கும்பாவில் சாளைக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள்.

"பொறந்ததுல இருந்தே."

அவள் முகம் வாடிப்போயிற்று. "வைத்தியரு என்ன சொல்லுதாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாருமே தொடுவதில்லை என்று விளக்கினேன். ஒரு குடும்பமே அப்படி இருக்கும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கும்பாவைத் தூக்கிக்கொண்டு போனவள் மறுநாள் காலைக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். குமாஸ்தா ஐயா ஏதோ நேர்ச்சை போட்டிருக்கிறார், அது நிறைவேறும் வரை மீனைத் தொடமாட்டார். வடக்கூரில் அது மாதாவுக்குப் போட்ட நேர்ச்சை என்று பரவியது. தெற்கூருக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தோணியாருக்குப் போட்டதாக மாறியிருந்தது. இரண்டு ஊரிலும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதால் நான் அதைத் திருத்த முயலவில்லை.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஒரு சின்னத் தீவு இருந்தது. எங்கள் தென்காசிக் கோயில் மதிலுக்குள் அடங்கிவிடும் அளவுதான். கொஞ்சம் முட்புதர், ஒரு பூவரசு, நாலைந்து கறுத்த பாறைகள், மேட்டில் ஒரு குருசடி. குருசடி என்றால் ஒரு சிலுவையும் அதைச் சுற்றி ஒரு சிறு மண்டபமும். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே கொடியேற்றித் திருவிழா. இரண்டு ஊரும் ஆளுக்கொரு வள்ளத்தில் துடுப்புப் போட்டு வருவார்கள். எந்த வள்ளம் முதலில் கரையைத் தொடுகிறதோ அந்த ஊர் கொடியேற்றும்.

தீவு யாருடையது என்பதில் இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. வடக்கூர்க்காரனைக் கேட்டால், எங்கள் பாட்டன் ஒருவன் வள்ளம் கவிழ்ந்து நீந்தி அந்தத் தீவில் ஏறினான், பிழைத்ததற்கு நன்றியாகச் சிலுவை நட்டான் என்பான். தெற்கூர்க்காரனும் அதே கதையைச் சொல்வான். பாட்டன் மட்டும் தெற்கூர்க்காரனாகிவிடுவான். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு வயதான சாமியார், மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். அவர் ஒரு நாள் என்னிடம், "ரெண்டு கதையிலயும் முங்கினவன் ஒருத்தன்தான். சிலுவைய நட்டவன் தான் எந்த ஊருன்னு அதுல எழுதி வச்சிருக்கலாம்" என்றார்.

நான் போவதற்கு முந்தைய திருவிழாவில் இரண்டு வள்ளமும் ஒன்றாகக் கரை தொட்டு, இரண்டு ஊரும் ஒரே கொடியைப் பிடித்து இழுத்து, கொடி இரண்டாகக் கிழிந்து, கூடவே இரண்டு மூன்று மண்டைகளும் உடைந்ததாகச் சொன்னார்கள். பொதுவான ஓர் ஆள் நின்று தீர்ப்புச் சொன்னால் ஒழியத் தீவில் பூசை கிடையாது என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கரையில் பொதுவான ஆளுக்கு எங்கே போவது? வடக்கூரில் பெண் எடுத்தவன், தெற்கூரில் பெண் கொடுத்தவன், இரண்டிலும் செய்தவன் என்று எல்லோரும் ஏதோ ஒரு பக்கம். கடைசியில் உபதேசியாரும், தெற்கூரின் பெரிய சம்மாட்டியும் சேர்ந்து என் அறைக்கு வந்தார்கள். சொந்தமாக வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்துபவரைச் சம்மாட்டி என்பார்கள். இவர் கதவை அடைத்து நிற்கும் அளவுக்கு ஆகிருதி. இருவரும் ஒரே வாசல் வழியாக ஒரே நேரத்தில் நுழைந்ததை எட்டிப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"நீரு தென்காசிக்காரரு. திருநீறு பூசுத ஆளு. ஒமக்கு ரெண்டு கோவிலும் ஒண்ணுதானே வே" என்றார் சம்மாட்டி.

"எனக்குக் கடல்னா கொஞ்சம் பயம்" என்றேன்.

"தீவு கடல்ல இல்லைய்யா, தரையிலதான இருக்கு" என்றார் உபதேசியார்.

திருவிழா அன்று காலையில் சாமியாரோடு என்னையும் ஒரு சின்ன வள்ளத்தில் ஏற்றி முன்கூட்டியே தீவுக்கு அனுப்பினார்கள். ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் போய்விடும் தூரம். அந்தத் தூரத்துக்குள் காலையில் தின்ற இட்டிலி அத்தனையும் கடலில் சேர்ந்துவிட்டது. சாமியார் என் முதுகைத் தடவிவிட்டார். கரையில் இறங்கியபின் அவர் பூவரசு நிழலில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டார். நான் கையில் ஒரு வெள்ளைத் துண்டோடு தண்ணீர் ஓரத்தில் நின்றேன். எந்த வள்ளம் முதலில் மணலைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் துண்டை வீச வேண்டும். அதுதான் என் வேலை.

வள்ளங்கள் கிளம்பின. வடக்கூர் வள்ளத்தில் உபதேசியார் முன்னால் நின்று மாதா பாட்டைப் பாட, அந்தத் தாளத்துக்குத் துடுப்பு விழுந்தது. தெற்கூர் வள்ளத்தில் பாட்டு இல்லை. சம்மாட்டி வைதுகொண்டே வந்தார், அதற்குத் துடுப்பு விழுந்தது. நெருங்க நெருங்க இரண்டும் ஒரே கோட்டில் வருவதாகத் தெரிந்தது. தப்பான பக்கம் துண்டை வீசிவிட்டால் எந்த ஊர் வழியாக வீட்டுக்குப் போவது என்ற கவலை எனக்கு. இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைமேல் ஏறினேன். பாசி பிடித்த பாறைதான். குற்றாலத்துப் பாறையிலேயே நடந்து பழகினவனுக்கு இது என்ன என்று ஒரு மிதப்பு.

குற்றாலத்துப் பாறை கீழே இருந்து நம்மை இடிப்பதில்லை. இங்கே ஓர் அலை வந்து பாறையில் மோதி, என் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள் இருந்தேன். மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. வாயைத் திறந்து முருகா என்றேன். முருகனுக்குப் பதில் உப்புத்தண்ணீர் உள்ளே வந்தது.

பாட்டும் வசவும் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு வள்ளத்திலிருந்தும் ஆட்கள் துடுப்பை எறிந்துவிட்டுக் குதித்தார்கள். உபதேசியார் என் கைகளைப் பிடித்து வடக்கே இழுத்தார். சம்மாட்டி என் கால்களைப் பிடித்துத் தெற்கே இழுத்தார். முன்பு கிழிந்த கொடியின் கதி எனக்கும் வரப்போகிறது என்று நினைத்தேன். பிறகு எப்படியோ இருவரும் ஒரே திசைக்கு ஒத்துக்கொண்டு என்னைத் தூக்கி மணலில் போட்டார்கள். அந்த இடத்தில் மார்பளவு தண்ணீர்தான் இருந்தது என்பதைப் பிறகு சொன்னார்கள். எழுந்து நின்றிருந்தால் நானே நடந்து வந்திருக்கலாமாம்.

என்னைக் குப்புறப் போட்டு முதுகில் அமுக்கினார்கள். தண்ணீர் வெளியே வந்து காது திறந்ததும் நான் கேட்ட முதல் பேச்சு இது.

"மொதல்ல கையப் பிடிச்சது நான்."

"கையப் பிடிச்சா போதுமா? கால நான் தூக்கலன்னா தலை எப்படி வே மேல வரும்?"

சாமியார் எழுந்து வந்தார். இரண்டு வள்ளமும் ஆள் இல்லாமல் தீவைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வள்ளமும் இன்னும் கரை தொடல. இந்த ஓட்டத்துல மொதல்ல கரைக்கு வந்து சேந்தது குமாஸ்தாதான். கொடிய அவரு ஏத்தட்டும்" என்றார்.

உபதேசியாரும் சம்மாட்டியும் ஆளுக்கொரு பக்கமாக என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். ஈர வேட்டி காலில் ஒட்ட, நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிய, நான் கொடியேற்றினேன். இரண்டு ஊரும் சேர்ந்து பாடின. அன்றைக்கு மண்டை எதுவும் உடையவில்லை.

ஆனால் அன்று கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் தேங்காய் வியாபாரத்துக்கு வந்த இலஞ்சிக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். அவர் தூரத்திலிருந்து பார்த்ததை அப்படியே போய் என் மாமனாரிடம் சொன்னார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் என் கஷ்டம். ஒம்ம மருமகன் கடல்ல முங்கினாரு, ரெண்டு பேரு அவரப் பிடிச்சிருந்தாங்க, பக்கத்துல ஒரு சாமியாரு நின்னாரு, எழும்பி வந்ததும் சிலுவைக்குக் கொடி ஏத்தினாரு, எல்லாரும் பாட்டுப் படிச்சாங்க. இதைக் கேட்டு மாமனார் வேறு என்ன நினைப்பார்? மருமகன் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்தாயிற்று, பெண்ணை அனுப்புவதாக இல்லை என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

நான் உடைந்துபோனேன். உபதேசியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டு வாங்கினார். "நானே வந்து சாட்சி சொல்லுதேன்" என்றார். வடக்கூர் சாட்சி மட்டும் போனால் தெற்கூருக்குக் குறைச்சல் என்று சம்மாட்டியும் புறப்பட்டார். ரயிலில் இருவரும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேச வேண்டியதையெல்லாம் என் வழியாகவே பேசினார்கள். தென்காசி ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் சம்மாட்டி கையில் இருந்த ஓலைப் பெட்டியைக் கவனித்தேன். வழியெல்லாம் எங்கள் பெட்டியில் ஏறியவர்கள் ஏன் உடனே இறங்கி வேறு பெட்டிக்குப் போனார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"சம்பந்தகாரரு வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுல்லா. நயம் சீலாக் கருவாடு" என்றார்.

இலஞ்சியில் மாமனார் வீட்டுக் கூடத்தில் அவர் விசாரணைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். தினமும் முருகனைக் கும்பிடாமல் காபி குடிக்காதவர். நெற்றி நிறையத் திருநீறு. என் மனைவி உள்கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. ஓலைப் பெட்டியை வாசலிலேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்தும், மாமனார் மூக்கை ஒரு முறை உறிஞ்சிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மருமகன் தங்கம்" என்று உபதேசியார் தொடங்கினார். "அன்னைக்கு அவரு கொடி ஏத்தினதைப் பாக்கணுமே. பொறந்ததுல இருந்து நம்ம கோவில்லயே வளந்த பிள்ளை மாதிரி, அம்புட்டு பக்தி."

மாமனாரின் முகம் கறுத்தது.

"மீனக்கூட அந்தோணியாருக்காகத் தொடமாட்டாருல்லா" என்று சம்மாட்டி சேர்த்துக்கொண்டார்.

"மாதாவுக்கு" என்றார் உபதேசியார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "அதெல்லாம் இருக்கட்டும். இவரக் கடல்ல முக்கினது யாரு?" என்று கேட்டார்.

"முக்கலை அண்ணாச்சி, தூக்கினோம்" என்றார் சம்மாட்டி.

"கைய நான் பிடிச்சேன்" என்றார் உபதேசியார்.

"பிடிச்சது உண்மைதானே. சாமியாரு பக்கத்துல நின்னதும் உண்மைதானே" என்றார் மாமனார். இருவரும் உண்மைதான் என்றார்கள். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

இப்படியே மத்தியானம் வரை போயிற்று. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் வந்தவர்களுக்கு இலை போட வேண்டியதாயிற்று. சொதியும் இஞ்சித் துவையலும் அவியலும் பரிமாறினார்கள். சம்மாட்டி நிறையச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏதோ வரப்போகிறது என்ற நம்பிக்கை அவருக்கு. இவ்வளவுதான் என்று நான் காதில் சொன்னதும், "ஓகோ, நேர்ச்சை வீட்டுக்கே உண்டா" என்று மரியாதையாக எழுந்துகொண்டார்.

சாரல் காலம் அது. அன்று மாலை மாமனாருக்கு ஒரு யோசனை தோன்றியது. நடந்தது எதுவாக இருந்தாலும் மருமகன் தலையில் குற்றாலத்துத் தண்ணீர் விழட்டும், அதன்பிறகு யோசிக்கலாம் என்றார். வந்த விருந்தாளிகளை வீட்டில் விட்டுப்போவது முறையல்ல என்பதால் அவர்களையும் வண்டியில் ஏற்றினோம்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் சம்மாட்டியின் முதுகைப் பார்த்து ஒரு கணம் மலைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். எல்லாம் ஆகி அருவி முன்னால் போய் நின்றோம். வெள்ளம் நல்ல கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. நானும் மாமனாரும் உள்ளே போய் நின்றோம். திரும்பிப் பார்த்தால் அவர்கள் இருவரும் வரவில்லை. எண்ணெய் வழிய, சாரலில் நடுங்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"வாங்க" என்று மாமனார் கூப்பிட்டார்.

"தண்ணின்னா கீழ கெடக்கணும் அண்ணாச்சி" என்றார் சம்மாட்டி. "இது மேல இருந்துல்லா விழுது. கல்லும் சேந்து வந்தா?"

"வராது. வாங்க."

"மேல யாரு பாத்துக்கிட்டு இருக்கா?"

உபதேசியார் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டல் காற்றில் பாய் விரித்துப் போகிறவர்கள், என்னைத் தூக்க யோசிக்காமல் கடலில் குதித்தவர்கள், இப்போது ஒருவர் கையை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வடக்கூர்க் கையும் தெற்கூர்க் கையும் அப்படிச் சேர்ந்ததை அந்தக் கரையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஒருவன்தான் பார்த்தேன்.

மாமனார் வெளியே வந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, இருவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் தலையில் விழுந்ததும் சம்மாட்டி, "அந்தோணியாரே" என்று அலறினார். உபதேசியார் மாமனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். மாமனார் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து, இருட்டுகிற வரை அவர்களை அருவியிலிருந்து வெளியே கொண்டுவர முடியவில்லை என்பது வேறு விஷயம்.

வண்டியில் திரும்பும்போது மாமனார் என் பக்கம் குனிந்து, "தண்ணியப் பாத்து இந்த நடுங்கு நடுங்குத மனுசரு ஒம்மக் கடல்ல முக்கியிருக்க முடியாது. அந்தத் தேங்காய் யாவாரி சும்மா அளந்திருக்கான்" என்றார். அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை. முடிவு எனக்குச் சாதகமாக இருந்ததால் நியாயத்தைப் பற்றி நான் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஓலைப் பெட்டியைக் காணோம். பக்கத்துத் தெருவில் ஜவுளி விற்கும் ராவுத்தர் வீட்டுக்கு என் மனைவி அதை ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள். அவர்கள் சந்தோஷத்தோடு ஒரு தார் வாழைப்பழம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாரை அவள் சம்மாட்டியின் முன்னால் வைத்து, "உங்க பெட்டிக்குப் பதிலு" என்று மெல்லச் சொன்னாள். ராவுத்தர் வீட்டைப் பற்றித் தெரியாத மாமனார், தேங்காய் வியாபாரி அனுப்பிய சமாதானம் என்று நினைத்து ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார்.

அந்த மாதமே நல்ல நாள் பார்த்துப் பெண்ணை என்னோடு அனுப்பிவைத்தார்கள். தீவு விஷயத்தில் சாமியார் ஒரு வருஷம் வடக்கூர், ஒரு வருஷம் தெற்கூர் என்று கொடியை மாற்றி மாற்றி ஏற்றச் சொல்லிவிட்டார். இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன. தீவு யாருடையது என்ற பேச்சு அடங்கியது. என்னைக் காப்பாற்றியது கையா காலா என்ற பேச்சு மட்டும் நான் அந்தக் கரையில் இருந்த வரை ஓயவில்லை.

என் மனைவி வந்து இறங்கிய அன்று உபதேசியார் மனைவி வழக்கம்போல் கும்பாவை எடுத்துக்கொண்டு வந்து, பாதி வழியில் நினைவு வந்து நின்றாள். என் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மூக்கை முந்தானையால் லேசாக மூடிக்கொண்டு கும்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள்.

"சாளை."

"இதைவிடப் பெருசு உண்டா?"

உபதேசியார் மனைவி கும்பாவைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டத் தொடங்கினாள்.